குதிரைக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டும் ஏன் ஃப்ளூ வருது?

கால்நடை மருத்துவம் படிச்சவன்ங்கறதால சொல்றேன், ஊசி வேஸ்ட்னு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. பல தடவை பிரச்சனை என்னன்னா ஊசிக்குள்ள இருக்கற வைரஸ் பழசு, லாயத்துக்குள்ள வந்தது புதுசு.

குதிரை ஃப்ளூ ஆர்என்ஏ வைரஸ், அதாவது அதோட மரபுக் குறிப்பு ஆர்என்ஏங்கற பொருள்ல இருக்கும். அந்தக் குறிப்ப காப்பி எடுக்கறப்போ வர்ற எழுத்துப்பிழைய திருத்தற வசதி அதுக்கு கிடையாது. நிறைய பிழை அந்த வைரஸையே கெடுத்துடும், ஆனா சிலது ஹீமக்ளூட்டினின்ங்கற மேல்புறத்து புரதத்த லேசா மாத்திடும், ஊசியால உண்டான ஆன்டிபாடி (வைரஸ எதிர்க்க உடம்பு செய்யற புரதம்) வந்து பிடிக்கறதே அந்த புரதத்ததான், அதனால அது மாற மாற பிடி தளர்ந்துகிட்டே போகும்.

இப்ப சுத்திக்கிட்டு இருக்கறது எச்3என்8 வகை, 1963ல அமெரிக்காவோட மயாமில முதல்ல பிடிபட்டது. 80கள்ல அது அமெரிக்க கிளை, யூரேசிய கிளைன்னு ரெண்டா பிரிஞ்சது, அப்புறம் அமெரிக்க கிளைலேர்ந்து ஃப்ளோரிடா கிளை வந்து அதுவும் கிளேடு 1, கிளேடு 2ன்னு ரெண்டு உட்கிளையா பிரிஞ்சுடுச்சு. 2003ல இங்கிலாந்துல நியூமார்கெட் பந்தயக் குதிரைங்களுக்கு ஒழுங்கா ஊசி போட்டிருந்தும் ஃப்ளூ பரவினது இப்படித்தான். ஆனா 2007 ஆஸ்திரேலியா கதை வேற, அங்க கிளேடு 1 புகுந்து 70,000க்கு மேல குதிரைங்களுக்கு வந்ததுக்கு காரணம் அதுக்கு முன்னாடி அந்த நாட்டுல ஃப்ளூவே இருந்ததில்ல, ஊசியும் போட்டதில்ல.

நம்ம நாட்டுலயே பாருங்க. 1987ல லூதியானால எடுத்த வைரஸ வச்சு ஹிசார்ல இருக்கற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் தடுப்பூசி செஞ்சாங்க. 2008ல ஜம்மு பக்கம் கட்ரால மறுபடி ஃப்ளூ வெடிச்சது, வைஷ்ணோ தேவி மலைக்கு பக்தர்கள சுமந்துட்டுப் போற மட்டக்குதிரையும் கோவேறு கழுதையும்தான் முதல்ல மாட்டுச்சு, அங்கேர்ந்து பல மாநிலத்துக்குப் போச்சு. சோதிச்சா அது கிளேடு 2. அப்புறம் அந்த கட்ரா வைரஸையே வச்சு புது தடுப்பூசி செஞ்சாங்க, எனக்கு இதுல ரொம்ப மரியாதை உண்டு, ஏன்னா அந்தக் குதிரை இருமிக்கிட்டு படுத்துட்டா அன்னிக்கு அந்த வீட்டுல வருமானம் கிடையாது.

அதனால ஊசி போடறப்போ டாக்டர்கிட்ட லேபிள காட்டச் சொல்லி உள்ள எந்த ஸ்ட்ரெயின், அதாவது வைரஸோட எந்த ரகம்னு கேளுங்க. 2010லயே உலக அளவுல ஃப்ளோரிடா கிளேடு 1, 2 ரெண்டும் ஊசில இருக்கணும்னு பரிந்துரை வந்துடுச்சு. ஸ்ட்ரெயின் முழுசா பொருந்தலன்னாலும் ஊசி போட்ட குதிரைக்கு காய்ச்சல் பொதுவா லேசா வரும். ஆனா அது நல்லா இருக்கறமாதிரி நின்னுக்கிட்டே பக்கத்து குதிரைக்கு பரப்பிடலாம், அதனால ஒரு வறட்டு இருமல் கேட்டாலும் தனியா கட்டிட்டு முதல் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளயே மூக்குல ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால சளி) எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்க, லேட்டானா வைரஸ் கிடைக்கறது கஷ்டம், அது கிடைச்சாதான் எங்க மாறியிருக்குன்னு பாத்து அடுத்த ஊசிய சரிபண்ண முடியும்.