செம்புக் கம்பியில் இத்தனை அணுக்கள் இருந்தும் எலக்ட்ரான் முட்டாமல் ஓடுவது எப்படி?

எலக்ட்ரானைக் கோலிக்குண்டாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். அது அலையும்கூட.

கேள்வி கேட்ட நீங்கள் காட்பாடிக்காரர் என்கிறீர்கள். பக்கத்து வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு வரிசை வெகுநீளம் போவதாகவும், தூணுக்குத் தூண் 2 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தூணும் ஒலியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அலைநீளம் 4 மீட்டர், அதாவது சுமார் 85 ஹெர்ட்ஸ் என்றால், திரும்பியவை எல்லாம் ஒத்திசைந்து சேரும். அந்த ஒலிக்கு வரிசையே சுவர். அதைவிடத் தாழ்ந்த ஒலியோ பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

1928-ல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் எலக்ட்ரானுக்குக் காட்டியதும் இதுதான்: அணுக்களின் ஒழுங்கு பிசகாதவரை அலை சிதறாது. மின்தடைக்குக் காரணம் அணுக்கள் இருப்பதல்ல, அவை வெப்பத்தில் அதிர்வதும் இடையில் மாசு கலப்பதும். 20 டிகிரியிலிருந்து நம்மூர்ச் சித்திரை வெயிலின் 40 டிகிரிக்கு ஏறினால் செம்பின் தடை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். (பாடநூல்கள் இன்னும் ‘அணுவில் மோதுகிறது’ என்றே எழுதுவது எனக்கு எரிச்சல்.)

எலக்ட்ரான் அலைக்கும் சில ஆற்றல்களில் அணு வரிசை, அந்த 85 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் போலவே, சுவராகிப்போகும். எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுதி பட்டை; சுவராகிப்போகும் ஆற்றல்கள்தான் பட்டை இடைவெளி. சிலிக்கானில் அது சுமார் 1.1 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). செம்பில் மேல்பட்டை பாதிதான் நிரம்பியிருக்கிறது, அதனால் எலக்ட்ரானுக்கு நகர இடமுண்டு.