சர்க்கரை இருக்கிறது, ஃப்ளூ ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள், ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டார். பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸின் துண்டுகள்தான். அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது. கைவலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். இடையில் வேறு ஏதாவது தொற்றினாலும் பழி என்னவோ ஊசி மேல்தான்!

சரி, போட்டால் ஃப்ளூ வரவே வராதா? வரலாம். ஆனால் நிமோனியா, ஆஸ்பத்திரி என்று முற்றும் அபாயம் குறையும். சர்க்கரை உள்ளவருக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், உங்களுக்குச் சொன்ன மகள் போட்டுக்கொண்டாளா? முதலில் அதைக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி கிடையாது. கர்ப்பத்தில் அம்மா போட்டுக்கொண்டால் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போகும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப்போகும் பாட்டிக்கும் ஊசி வேண்டும்தானே?

ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வைரஸ் உருமாறுவதால் ஊசியும் வருடாவருடம் மாறும். பெட்டியில் எந்த வருடத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.