பரண் சாமானும் பத்தில் ஒரு பங்கும்

கேள்வி: காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர், பரணில் கிடந்த ஐந்து சுவீடன் எனாமல் சாமான்களைக் காட்டி, “இதெல்லாம் போகுமா தம்பி?” என்றார். “விளிம்பெல்லாம் துரு, பழைய இரும்புக்குத்தான் ஆகும்” என்று சொல்லி, 1,200 ரூபாய் கொடுத்து எடுத்துவந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார். லாபத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபையில் காணிக்கையாகப் போட்டுவிட்டேன். “கொடுத்தவருக்கும் சம்மதம், வாங்கியவருக்கும் சம்மதம், இதில் என்ன பாவம்?” என்கிறார் அப்பா. எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. பரணில் இன்னும் சாமான் இருக்கிறது, பிறகு வா என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தம்பி, மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்றதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். தூசிக்குள் கிடப்பதை இன்ன நாட்டுச் சரக்கு என்று அடையாளம் காண்பது ஒரு தொழில். முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தக் கண்ணை வைத்துத்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்தக் கண்ணுக்குக் கூலி உண்டு.

ஆனால் “பழைய இரும்புக்குத்தான் ஆகும்” என்றீர்களே, அதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆச்சி 1,200 ரூபாய்க்குத் தலையாட்டியிருப்பாரா? அப்பா சொல்லும் சம்மதம் அந்தப் பொய்யின்மேல் நிற்கிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று படித்துவிட்டு, நாம் தராசே தொடவில்லையே என்று நினைத்துக்கொள்கிறோம். தராசின் முள்ளுக்கும் தமிழில் நா என்றுதான் பெயர்.

விற்கிறவன் பொய்யைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வாங்குகிறவன் பொய்யை பைபிளில் நீதிமொழிகள் 20:14 பிடித்திருக்கிறது: “கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்.” காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுக்கப் போய், மனதுக்குப் பிடித்துப்போன சேலையையே “சாயம் போகும்போல” என்று முகம் சுளித்து நூறு ரூபாய் குறைத்தவள் நான். ஆகவே இந்த வசனம் உங்களுக்கு மட்டுமல்ல.

காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். சீரகத்துக்குக்கூடக் கணக்குப் பார்த்துத் தசமபாகம் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மத்தேயு 23:23). நீங்கள் பெட்டியில் போட்டது ஆச்சியின் பணம். அதைச் சபையிடம் திருப்பிக் கேட்க வேண்டாம், உங்கள் கையிலிருந்து ஈடுகட்டுங்கள்.

இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். அவன் யாரும் கேட்காமல் சொன்னது அது. உங்களுக்கு நான் நாலு மடங்கு விதிக்கவில்லை. வாங்கிய விலை, வண்டிச் செலவு, உங்கள் உழைப்புக்கு நியாயமான ஒரு பங்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மீதியை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். கடைப் பையனிடம் கொடுத்தனுப்பாதீர்கள். “நல்ல விலைக்குப் போனது ஆச்சி” என்று மழுப்பவும் வேண்டாம். 14,000 ரூபாய்க்கு விற்றேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று முகப்பில் உட்கார்ந்து சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போனவர்களின் வீடுகளில் பரணில் கிடப்பதெல்லாம் ஒருவருக்கே சொந்தமாக இருக்காது. கல்யாணத்தில் சீராக வந்த சாமான் என்றால் அது ஆச்சியுடையது. வீட்டுப் பொதுச் சாமான் என்றால் பங்காளிகளுக்கும் பாத்தியதை உண்டு. உங்கள் நேர்மையால் அந்த வளவில் ஒரு சண்டை மூண்டுவிடக் கூடாது. ஆச்சியிடம் தனியாகவே கேளுங்கள், பணத்தை என்ன செய்வது என்பதை அவரே சொல்வார்.

இனி வாங்கும்போது, “எங்கள் கடையில் இது இவ்வளவுக்குப் போகலாம், நான் இவ்வளவு தருகிறேன்” என்று இரண்டு தொகையையும் சொல்லிப் பழகுங்கள். அல்லது விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்ளுங்கள். சில சரக்கு கை நழுவும், அப்பாவும் முணுமுணுப்பார்.

மிச்சமிருக்கும் பரண் சாமானைப் பற்றி, பணம் கொடுக்கப் போகிற அன்று வாயே திறக்காதீர்கள். ஆச்சியே எடுத்துக் காட்டினாலும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.