சி ஃபங்ஷனைப் பைத்தானில் அழைத்தால் விடை ஏன் தப்பாக வருகிறது?

தரமணி ஆபீசில் சி-யில் கம்பைல் செய்த ஃபங்ஷன் டபுள் (தசம எண்) தருகிறது, பைத்தானில் சிடைப்ஸ் (சி லைப்ரரிகளை அழைக்க உதவும் பைத்தான் மாட்யூல்) வழியாக அழைத்தால் சம்பந்தமில்லாத முழு எண் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஃபங்ஷன் போடும் கணக்கு சரிதான், விடையின் வகையில்தான் சிக்கல். கம்பைல் ஆன சி லைப்ரரியின் சிம்பல் பட்டியலில் ஃபங்ஷனின் பெயரும் முகவரியும் இருக்கும். என்ன வகை மதிப்பைத் திருப்பும் என்ற விவரம் இருக்காது. நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் இன்டெல் லினக்ஸில் டபுள் விடை எக்ஸ்எம்எம்0 என்ற ரெஜிஸ்டரில் (சிபியுவுக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடம்) வரும். சிடைப்ஸ் பார்ப்பதோ இன்ட்டுக்கு உரிய ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரை. அங்கே ஏதோ பழைய மிச்சம்தான் கிடக்கும்.

அழைக்கும் முன்பே அந்த ஃபங்ஷனின் ரெஸ்டைப்பை (திருப்பும் மதிப்பின் வகை) சி_டபுள் என்று வையுங்கள், ஆர்க்டைப்ஸையும் (உள்ளே கொடுக்கும் மதிப்புகளின் வகைகள்) எழுதிவிடுங்கள். பாயின்டர் (மெமரி முகவரி) திருப்பும் ஃபங்ஷனில் இதை விடவே கூடாது: 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்பட்டு புரோகிராமே க்ராஷ் ஆகலாம்.

அப்புறம், ஃபங்ஷனை சி++-இல் எழுதியிருந்தால் அதன் முன் எக்ஸ்டெர்ன் "சி" போடுங்கள். இல்லாவிட்டால் கம்பைலர் பெயரை உருமாற்றிவிடும், பைத்தானுக்கு அகப்படாது.