கழற்றிப் பார்க்கும் பையனுக்குக் கல்லூரிக் கடன் எதற்கு?

"பையன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். மதிப்பெண் சுமார்தான், கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் தேறினான். வீட்டில் எது பழுதானாலும் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் படிக்கப் போகிறேன் என்கிறான். பொறியியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவன் பெரியப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். கடன் வாங்கவும் தயாராக இருக்கிறோம். மெக்கானிக் வேலைக்கு அனுப்பினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்?" என்று ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் அதனால் உங்களுக்குப் பயனில்லை. நீங்கள் எழுதியதில் பையனைப் பற்றி இரண்டு மூன்று வரிதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் மற்றவர்களைப் பற்றி. நான் அந்த இரண்டு மூன்று வரியை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

கணக்கு சரளமாக வருகிற பிள்ளை, பொறியியல் மேல் ஆசை உள்ள பிள்ளை, தாராளமாகப் படிக்கட்டும். உங்கள் மகன் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறான், அந்தப் படிப்பைக் கேட்கவும் இல்லை. முதல் வருடமே உயர் கணிதம் வந்து நிற்கும். பாடங்கள் தேறாமல் படிப்பு பாதியில் நின்றால் கடனுக்கு வட்டி நிற்காது. பெரியப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா? அவர் பதிலைக் கேட்டபிறகு அவருடைய அறிவுரையை எடை போடலாம். பட்டயப் படிப்பு, கலைக் கல்லூரி, கணினி வகுப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். பையன் கேட்பது என்ன என்று பார்ப்போம்.

ரிப்பேர் என்றால் ஸ்பேரை மாற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாற்றுவது கடைசிப் பத்து நிமிட வேலை, சம்பளம் அதற்கு முந்தைய யோசனைக்கு. பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே வைத்த பால் கெட்டுப்போகிறது. அரைகுறையாகக் கற்றவர் "கேஸ் போயிடுச்சு, சார்ஜ் பண்ணணும்" என்பார், அதாவது உள்ளே சுற்றிக் குளிரூட்டும் வாயு. ஒழுங்காகக் கற்றவர் முதலில் ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றி, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலைப் பார்ப்பார். காயில் முழுக்க வெள்ளைப் பாறையாகப் பனி மூடியிருந்தால் கோளாறு பெரும்பாலும் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் பக்கம். விசிறி ஓடினாலும் அந்தப் பனியைத் தாண்டிக் குளிர்காற்று கீழே இறங்காது. முதல் ஓரிரு வரிசையில் மட்டும் பனி படிந்து மிச்சம் காய்ந்து கிடந்தால்தான் கேஸ் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும்.

டீஃப்ராஸ்ட் என்று தெரிந்தபிறகும் வேலை முடியவில்லை. ஹீட்டர் அறுந்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் மின்சுற்றை இணைக்காமல் திறந்தே கிடக்கிறதா, சென்சார் தப்புச் சொல்கிறதா, டைமரோ போர்டோ கட்டளையே அனுப்பவில்லையா? மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அந்தச் சென்சாரைக் கையில் பிடித்தால் சூட்டுக்கு அதன் மின்தடை, அதாவது ஓம் அளவு, இறங்கும், ஐஸ் தண்ணீரில் போட்டால் ஏறும். இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை என்றால் ஆள் கிடைத்துவிட்டான். இந்தத் துப்பறியும் குணம் பிள்ளையிடம் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. சும்மா கழற்றிப் போடுகிறானா, ஏன் நின்றது என்று தேடுகிறானா? இரண்டுக்கும் நிறைய தூரம்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். சில வாரங்களில் சான்றிதழ் தருகிற வகுப்புகள் நிறைய. அதில் சேர்க்கவே வேண்டாம். ஒரு வருடமாவது படித்து, அதன்மேல் ஒரு சர்வீஸ் சென்டரிலோ அனுபவசாலியிடமோ தொழில் பழக வேண்டும். சேர்ப்பதற்கு முன் நீங்களும் மகனும் போய்ப் பட்டறையைப் பாருங்கள். வகுப்பறையில் ஏசி இருக்கிறதா என்பது முக்கியமில்லை, மேசைமேல் திறந்து வைத்த ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கொடுத்து ஓடுகிற இயந்திரத்தில் பழக விடுகிறார்களா? ஒரு இயந்திரத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? பழைய கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடிக்கும் ரெகவரி மெஷின் இருக்கிறதா?

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்பைக் காட்டி "இதை எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். "அரை மணி நேரம்" என்று மட்டும் சொன்னால் எனக்குத் திருப்தி இல்லை. வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரில் 500க்குக் கீழே இறங்கும்வரை ஓட்டி, வால்வை மூடி, அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்கிற ஆசிரியர் கிடைத்தால் பிள்ளையை நம்பி விடலாம். உள்ளே துளி ஈரம் தங்கினாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள கேப்பிலரி குழாயின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஃபிரிட்ஜ் குளிர்வதும் நிற்பதுமாகக் கண்ணாமூச்சி காட்டும்.

கேஸ் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு காலத்தில் ஃபிரிட்ஜில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் வழியே அது ஒழிக்கப்பட்டது. பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனை விட்டுவைத்தாலும் பூமியைச் சூடாக்குகிறது. இந்த வகையைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இப்போது வீட்டு ஃபிரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியும் வாயு. சில பத்து கிராம்தான் இருக்கும், தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றும் பழைய பழக்கம் இதற்கு உதவாது. கம்ப்ரெசர் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால், அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே போவதற்கு முன் காற்று உள்ளே போகும். குழாயைக் காலி செய்யாமல், எரியாத நைட்ரஜனை உள்ளே ஓட்டாமல், குழாயை ஒட்டவைக்கும் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மைக்ரோவேவ் இன்னொரு ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். உங்கள் மகன் இதுவரை வீட்டில் மைக்ரோவேவைத் திறந்திருந்தால், பயிற்சி முடியும்வரை அதைத் தொடக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் சொல்லிக்கொடுக்காத நிலையமும் வேண்டாம். வீட்டு பேட்டரி இன்வெர்ட்டரைச் சொல்லவில்லை, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றி ஓடும் கம்ப்ரெசரைச் சொல்கிறேன். பழைய சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரெசரில் மூன்று பின்களுக்கு இடையே மூன்று வெவ்வேறு ஓம் வரும், சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது கிடைக்க வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரெசரில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கணக்கைப் போட்டு நல்ல கம்ப்ரெசரை "போச்சு" என்று மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில்.

எல்லாச் சாதனத்தையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கும் காலத்தில் இந்தத் தொழில் நிலைக்குமா? சின்னச் சாதனங்களை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். அதனால்தான் குளிர்பதனத்தை மையமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது தெரிந்தவர் வீட்டு ஃபிரிட்ஜோடு நிற்க வேண்டியதில்லை. கடைகளின் குளிர்பெட்டி, கிடங்குகளின் குளிரறை, மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் என்று வழி திறந்துகொண்டே போகும். சட்டமும் சில இடங்களில் ரிப்பேர் பக்கம் சாய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிபாகங்கள் 10 வருடமும், ஃபிரிட்ஜின் சென்சார், போர்டு போன்றவை 7 வருடமும் கிடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு விதி இருக்கிறது.

கஷ்டங்களை மறைக்கவில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் வருமானம் கம்மி. முதுகு வலிக்கும். வெயில் கொளுத்தும்போதுதான் வேலை குவியும். செய்த வேலை ஒரு வாரத்தில் மறுபடி பழுதானால் காசு வாங்காமல் போய்ச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் பேரம் பேசுவார்கள். இதையெல்லாம் நான் சொல்லி அவன் கேட்பதைவிட, சீசனில் ஒரு மாதம் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் உதவியாளாக அனுப்பிப் பாருங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். "எப்போது முடியும்" என்றே பேசினால் இந்தப் படிப்பும் வேண்டாம், வேறு வழி பார்க்கலாம். கண்டுபிடித்த கோளாறைப் பற்றிச் சாப்பிடும்போதும் பேசினால் பெரியப்பா மட்டுமல்ல, நானே வேண்டாம் என்றாலும் நீங்கள் கேட்கக் கூடாது.

பணத்தில் கறாராக இருங்கள். தொடக்கத்தில் இன்சுலேஷன் உள்ள கைக்கருவிகள், தரமான மல்டிமீட்டர், வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். மீட்டரில் மட்டும் மலிவுப் பொருள் வாங்காதீர்கள். வேக்யூம் பம்ப், தராசு, பிரேசிங் செட் எல்லாம் அவன் சம்பாதித்து வாங்கட்டும். படித்து முடித்ததும் கடை வைத்துக் கொடுக்கிறேன் என்று ஆசையில் இறங்காதீர்கள். வாடிக்கையாளர் பழக்கம் வருவதற்கு முன் வாடகை வந்து நிற்கும். பின்னாளில் அவனுக்கே பட்டம் வேண்டும் என்று தோன்றினால் அப்போது படிக்கட்டும், தன் காசில்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று நாளைக்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதச் சோதனையை அந்தத் தேதிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.