இது ஞானமா, மரத்துப்போன மனமா?

ஒரு வருடமாக விபாசனா என்ற பௌத்தத் தியானம் பழகுகிறீர்கள். தோழி அழுதபோது “எல்லாம் அநித்தியம், நிலையில்லாதது” என்று தோன்றியதே தவிர மனம் அசையவில்லை, இது ஞானமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறதே, அதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது.

5ஆம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் இதற்கு ஒரு நல்ல சொல் தருகிறது: ‘அருகிலுள்ள பகை’, அதாவது ஒரு நல்ல குணம் போலவே தோன்றி அதைக் கெடுப்பது. உபேக்கை என்ற சமநிலைக்கு அருகிலுள்ள பகை, அறியாமையால் வரும் அலட்சியம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கருணைக்கும் அப்படி ஒன்று உண்டு: துயரத்தில் தானும் மூழ்கிப்போவது. அதனால் அழுகை வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கருணை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த முறை தோழி பேசும்போது உங்கள் உடலைக் கவனியுங்கள். தாடை இறுகுகிறதா, ‘சீக்கிரம் முடித்தால் தேவலை’ என்று இருக்கிறதா? அப்படியானால் அது விலகல். அநித்தியத்தை அவருடைய துக்கத்தின் மேல் வைக்காதீர்கள். உங்களுடைய அந்த இறுக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அது தளரும்.

அப்புறம், தியானத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மெத்தாவுக்கு, அதாவது அன்போடு நலம் வாழ்த்துவதற்கு, கொடுங்கள். முதலில் உங்களுக்கு, பிறகு நீங்கள் மதிக்கும் ஒருவருக்கு. பகையானவர்களை இப்போது தொடவே வேண்டாம்.

தோழியிடம் இன்றே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.