யூனியன் ஹோலில் பெயர் பதிந்தால் பாதி வேலை முடிந்தது

கேள்வி: வட ஒன்ராறியோவில் 10ஆம், 11ஆம் வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். மாணவர்களில் பலர் கிரீ, ஒஜிப்வே என்ற பழங்குடிப் பிள்ளைகள். சிலருக்கு மின்பணி பழக ஆசை. யூனியன் ஊடாகப் போவது நல்லதா? இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: நல்லது. கட்டட மின்பணி (309ஏ) முடிக்க ஒன்ராறியோவில் 9,000 மணித்தியாலம் வேண்டும்: தளத்தில் 8,160, வகுப்பில் 840. ஒரு தளத்தில் வேலை முடிந்தால் ஆட்களை நிறுத்திவிடுவார்கள். தனியே சேர்ந்த பிள்ளை அந்த இடத்தில்தான் தொழிலையே கைவிடும். யூனியன் பிள்ளை ஹோலுக்கு (யூனியன் அலுவலகம்) போய்ப் பட்டியலில் பெயர் பதியும், அடுத்த ஒப்பந்தக்காரரிடம் அனுப்புவார்கள். சம்பளம் ஜர்னிமேன் (பயிற்சி முடித்த தொழிலாளி) வாங்குவதில் 40 வீதத்தில் தொடங்கி, 1,800 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 வீதம் ஏறுவது வழக்கம்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் கணிதம். சின்னப் பள்ளிகளில் 'வேலைத்தளக் கணிதம்' எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் யூனியன் கிளைகள் பெரும்பாலும் 12ஆம் வகுப்பில் கல்லூரிப் பிரிவுக் கணிதமாவது கேட்கும், நுழைவுத் தேர்விலும் இயற்கணிதம் வரும். 11ஆம் வகுப்புப் பாடத் தெரிவிலேயே இதைப் பாருங்கள். பள்ளிக்கால அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) திட்டத்தில் (ஓயாப்) அப்ரண்டிஸாகவே பதிந்தால், கோ-ஒப் (பள்ளி வழியான வேலை அனுபவம்) மணித்தியாலங்களும் கணக்கில் சேரும்.

அடுத்தது சாரதி அனுமதி. விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஊர்ப் பிள்ளைக்கு இது பெரிய தலையிடி. 16 வயதில் ஜி1 (பழகுநர் அனுமதி) எடுத்தால், அடுத்த படியான ஜி2 ஓட்டப் பரீட்சைக்கு 12 மாதம் பொறுக்கவேண்டும். அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் 8 மாதம். பள்ளிக்காக நகரத்தில் தங்கும் காலத்திலேயே ஜி1 எடுக்கட்டும்.

பூட்ஸ், கருவிகள், கட்டணம் போன்றவற்றுக்கு அவர்களுடைய சமூகத்தின் வேலைவாய்ப்புப் பயிற்சி அலுவலகத்தைக் கேளுங்கள். 2019இல் தொடங்கிய கூட்டாட்சித் திட்டத்தின் நிதி பல இடங்களில் அதன் வழியாகத்தான் வருகிறது. சேர்வதற்கு முன்பே கேட்கவேண்டும்.

வகுப்புக்காகத் தளத்தைவிட்டு வரும்போது முதலாளி தரும் ஆர்.ஓ.ஈ. (வேலைப் பதிவு) பத்திரத்தில் காரணம் 'ஜே' (அப்ரண்டிஸ் பயிற்சி) என்று இருக்கிறதா பாருங்கள். 'ஈ' என்று போட்டால் தானாக விலகியதாக ஆகி, வேலைவாய்ப்புக் காப்புறுதி இழுபடும். ஒரு வாரக் காத்திருப்பு, முழுப் பயிற்சிக் காலத்துக்கும் ஒரே ஒருமுறைதான்.

கேள்வி: மொஹாக் பழங்குடி இரும்புவேலையாட்களுக்கு உயரப் பயமே கிடையாதாமே?

பதில்: கட்டுக்கதை. 1907இல் கியூபெக் பாலம் சரிந்தபோது கானவாகே என்ற ஊரின் மொஹாக் ஆட்கள் 33 பேர் இறந்தார்கள். அவர்களிடம் இருப்பது தலைமுறைகளாகக் கைமாறிய தொழிற்பழக்கம். ஒன்ராறியோக் கட்டுமானத் தளத்தில் விழுதடுப்புப் பட்டி போட்டு வேலை செய்பவர் எவராயினும் உயர வேலைப் பயிற்சிச் சான்று எடுத்திருக்கவேண்டும், 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.